பெயர்களை எழுதியவர்கள்

2009 ஏப்ரல் 7ஆம் தேதி தில்லியில் நடந்த செய்தியாளர் கூட்டமொன்றில், அப்போதைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரத்தை நோக்கி ஒரு சீக்கியச் செய்தியாளர் தம் காலணியை வீசினார். 1984 நவம்பரில் தில்லியில் சீக்கியர்கள் கொல்லப்பட்டது தொடர்பான வழக்கில் காங்கிரஸ் தலைவர் ஒருவரின் மேல் குற்றமில்லை என்று மத்தியப் புலனாய்வுத் துறை சொன்னதைப் பற்றி அவர் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில் அவருக்கு ஒப்பவில்லை. காலணி அமைச்சர் மேல் படவில்லை. அந்த வாரத்துக்குள்ளேயே, 1984 குற்றச்சாட்டுகளுக்கு ஆளாகியிருந்த இரண்டு வேட்பாளர்கள் காங்கிரஸ் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டார்கள்.

நான் அப்போது மயூர் விஹார் முதல் பகுதியில் குடியிருந்தேன். தெருமுனை டாக்சி நிலையத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் முதிய சர்தார்ஜி ஒருவர், விமான நிலையத்துக்குப் போகும் வழியில், "உங்கள் மதராஸி மந்திரி தப்பித்துவிட்டார்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "இருபத்தைந்து வருஷமாக மனு எழுதினோம் பேட்டா, ஒன்றும் அசையவில்லை, ஒரு செருப்புக்கு இரண்டு டிக்கெட் கிழிந்தது" என்றார். அவர் பேச்சில் 'கலவரம்' என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. 'சௌராசி' என்றுதான் சொல்வார். இந்தியில் அது வெறும் எண்பத்து நான்கு. எதையும் அவர் சௌராசிக்கு முன், சௌராசிக்குப் பின் என்றுதான் கணக்கிட்டார். மகள் பிறந்தது, வண்டி வாங்கியது, முழங்கால் வலி தொடங்கியது எல்லாமே அந்தக் கணக்கில்தான் வரும்.

எனக்கு அந்த எண்பத்து நான்கு வேறாக இருந்தது. நான் அப்போது தமிழ்நாட்டில் ஒரு சிற்றூரில் பள்ளி மாணவன். இந்திரா காந்தி தம் சீக்கிய மெய்க்காவலர்களால் சுடப்பட்டதும், பள்ளியை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பியதும், தேநீர்க் கடை வானொலியில் நாள் முழுக்க சோக இசை ஒலித்ததும் நினைவிருக்கிறது. எம்.ஜி.ஆர். அப்பொழுது சென்னை அப்போலோ மருத்துவமனையில் கிடந்தார். அக்டோபரில் அவரைப் பார்க்க வந்துபோன இந்திராவே அந்த மாதக் கடைசியில் இல்லாமல் போனார். நவம்பர் 5ஆம் தேதி எம்.ஜி.ஆரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் ஊர்க் கவலை முழுவதும் அந்த இரண்டு செய்திகளுக்கே செலவாகிவிட்டது. அதே நாட்களில் தலைநகரில் தெருத்தெருவாக மனிதர்களை உயிரோடு எரித்துக்கொண்டிருந்தார்கள் என்பது என் காதில் விழுந்ததாக நினைவில்லை. விழுந்திருந்தாலும் 'வடக்கே ஏதோ கலவரம்' என்ற அளவில் போயிருக்கும்.

சர்தார்ஜியின் பேச்சுக்குப் பிறகு வெட்கத்தோடு தேடிப் படிக்கத் தொடங்கினேன். முதலில் கைக்கு வந்தது, பலமுறை நகலெடுத்து எழுத்து மங்கிப்போன ஒரு மெல்லிய ஆங்கில அறிக்கை. 'குற்றவாளிகள் யார்?' என்பது அதன் தலைப்பு. மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான ஒன்றியமும் மக்கள் சிவில் உரிமைக் கழகமும் கூட்டாக 1984 நவம்பரிலேயே வெளியிட்டது. முதல் அமைப்புக்குக் கோவிந்த முகோட்டியும் இரண்டாவதற்கு ரஜினி கோத்தாரியும் அப்போது தலைவர்கள். நெருக்கடி நிலைக் காலத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண் தொடங்கிய இயக்கத்திலிருந்து கிளைத்தவை இவ்விரு அமைப்புகளும். அவற்றிடம் அரசாணையோ, அழைப்பாணை அனுப்பும் அதிகாரமோ, சம்பளம் வாங்கும் ஊழியர்களோ கிடையாது.

அந்த அறிக்கையில் என்னை முதலில் நிறுத்தியது அதன் தேதிதான். நவம்பர் 1 முதல் 10 வரை விசாரித்தோம் என்று அது சொல்கிறது. அதாவது, எரிந்துகொண்டிருக்கும்போதே போயிருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்களிடமும், அவர்களுடைய அண்டை வீட்டாரிடமும், அடக்க வேண்டிய பொறுப்பிலிருந்த காவல்துறையினரிடமும், ராணுவத்தினரிடமும், அரசியல் தலைவர்களிடமும் கேட்டிருக்கிறார்கள். அதன் பிறகு அவர்கள் வந்துசேர்ந்த முடிவு, அரசு அப்போது சொல்லிக்கொண்டிருந்ததற்கு நேர் எதிரானது: நடந்தது துக்கத்தாலும் கோபத்தாலும் மக்களுக்குத் தானாக வந்த வெறி அல்ல; ஆளுங்கட்சியின் முக்கியப் பிரமுகர்களும் நிர்வாகத்தின் அதிகாரிகளும் செய்ததாலும், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதாலும் நடந்த திட்டமிட்ட தாக்குதல். அந்த அறிக்கை வெளிவந்த அதே நவம்பரில், 19ஆம் தேதி, படகுத் துறைத் திடலில் பேசிய புதிய பிரதமர் ராஜீவ் காந்தி, பெரிய மரம் விழும்போது பூமி அதிரத்தான் செய்யும் என்றார். ஒரே மாதத்தில் தில்லியில் இரண்டு விளக்கங்கள் வெளியாகிவிட்டன. மரத்தையும் பூமியையும் பேசிய விளக்கத்தில் ஆட்களே இல்லை. அறிக்கையின் பின்னிணைப்பிலோ ஆட்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன.

திட்டமிட்டது என்று அவர்கள் எப்படிச் சொன்னார்கள் என்பதுதான் அந்த அறிக்கையை ஊன்றிப் படிக்க வைக்கும் பகுதி. ரகசிய ஆவணம் எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒன்றுக்கொன்று பல மைல் தள்ளியிருக்கும் குடியிருப்புகளில் மனிதர்கள் தனித்தனியாகச் சொன்னவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கிழக்கே திரிலோக்புரி, மேற்கே சுல்தான்புரியும் மங்கோல்புரியும், தென்மேற்கே பாலம். இந்த ஊர்களின் மக்களுக்குள் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் கதை ஒரே வரிசையில் வந்தது. முதலில் வதந்திகள்: பிரதமர் இறந்ததற்காகச் சீக்கியர்கள் இனிப்பு வழங்கினார்கள், பஞ்சாபிலிருந்து ரயில் நிறைய இந்துக்களின் பிணங்கள் வந்திறங்கியிருக்கின்றன, தில்லியின் குடிநீரில் சீக்கியர்கள் நஞ்சு கலந்துவிட்டார்கள். முதலாவது ஆத்திரம் மூட்ட, இரண்டாவது பழிக்குப் பழி நியாயமென்று தோன்றவைக்க, மூன்றாவது சும்மா இருப்பவனையும் அச்சத்தில் தெருவுக்கு இழுக்க. சில இடங்களில் ரயிலையும் குடிநீரையும் பற்றிய வதந்திகளைக் காவல்துறை வண்டிகளே ஒலிபெருக்கியில் சொல்லிப் போனதாக மக்கள் கூறியதை அறிக்கை பதிவு செய்கிறது.

அடுத்தது ஆட்களும் பொருட்களும். லாரிகளிலும் தில்லி போக்குவரத்துக் கழகப் பேருந்துகளிலும் வெளியாட்கள் வந்திறங்கினார்கள். கம்பிகளும் மண்ணெண்ணெயும் எரிக்க உதவும் ஒரு வெள்ளைத் தூளும் அவர்களிடம் இருந்தன. முதலில் குருத்வாரா எரியும், பிறகு கடைகள், வீடுகள், பிறகு ஆண்கள். தலைப்பாகை உள்ள வீடு எது என்பதைக் கண்ணால் தேட வேண்டியிருக்கவில்லை. வாக்காளர் பட்டியலும் ரேஷன் பதிவுகளும் கும்பலை நடத்தி வந்தவர்களின் கையில் இருந்தன.

மண்ணெண்ணெய் என்ற ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்கலாம். அந்நாளில் ரேஷன் அட்டையில் வாங்கிய மண்ணெண்ணெயை எங்கள் வீட்டில் அம்மா பாட்டிலில் கோடு போட்டு வைத்திருப்பார். மாதக் கடைசியில் திரி கருகும். தில்லியின் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் இருந்த ஏழைகளின் நிலை இதைவிட மேலாக இருந்திருக்க முடியாது. அப்படிப்பட்ட ஊரில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான வீடுகளையும் மனிதர்களையும் எரிக்கும் அளவுக்கு எண்ணெய் வேண்டுமென்றால், யாரோ டிப்போவைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். துக்கத்தில் அழுதுகொண்டே தெருவுக்கு வந்தவன் கையில் எண்ணெய் டின் தானாக முளைக்காது. உண்மை அறியும் குழுவினர் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை: எண்ணெய் எங்கிருந்து வந்தது, வண்டி யாருடையது, பட்டியலை யார் கொடுத்தார்கள்.

வாக்காளர் பட்டியல் என்ற இடத்தில் தமிழ் வாசகர் யாரும் ஒரு கணம் நிற்காமல் போக முடியாது. அதற்குப் பதினைந்து மாதங்களுக்கு முன்பு, 1983 ஜூலையில், கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடிவந்த கும்பல்களிடமும் அதுவே இருந்தது. ஓட்டுப் போடுவதற்காக ஓர் அரசு எடுத்த கணக்கு, கொல்வதற்கு வழிகாட்டியாக மாறுவதற்கு அரசு அலுவலகத்தின் அலமாரி ஒன்று திறந்தால் போதும்.

திரிலோக்புரி நான் குடியிருந்த இடத்திலிருந்து சாலையைக் கடந்தால் வந்துவிடும். மயூர் விஹாரில் நாங்கள் தமிழரும் மலையாளிகளும் கோயிலும் இட்லி மாவுமாக வாழ்ந்துகொண்டிருந்தோம். எங்கள் வீடுகளில் பாத்திரம் துலக்கிய பெண்களில் பலர் திரிலோக்புரியிலிருந்து வந்தார்கள். அறிக்கையில் அந்தப் பெயரைப் பார்க்கும்வரை, ஆட்டோக்காரர்கள் உள்ளே வர மறுக்கும் நெரிசலான ஓரிடம் என்பதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

நெருக்கடி நிலையின்போது நகரின் நடுவிலிருந்த குடிசைகளை இடித்து, அங்கிருந்தவர்களை யமுனைக்குக் கிழக்கே கொண்டுவந்து கொட்டி உருவாக்கிய குடியிருப்புகளில் அதுவும் ஒன்று. குடும்பத்துக்கு 25 சதுர கெஜ மனை. 32ஆம் பிளாக்கில் இருந்த சீக்கியர்களில் பலர் லபானா என்னும் பிரிவைச் சேர்ந்த ஏழைகள். கட்டில் கயிறு பின்னுவது, வண்டி ஓட்டுவது, சுமை தூக்குவது அவர்களுடைய பிழைப்பு. பஞ்சாப் அரசியலுக்கும் அவர்களுக்கும் இருந்த தொடர்பு, எனக்கும் காஷ்மீருக்கும் உள்ள தொடர்பைவிட அதிகமாக இருக்க வாய்ப்பில்லை. நவம்பர் 1ஆம் தேதி தொடங்கி மறுநாள் வரை அந்தச் சந்துகளில் முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். சந்துகள் குறுகலானவை, இருபுறமும் அடைத்துவிட்டால் வெளியேற வழியில்லை.

நவம்பர் 2ஆம் தேதி இந்தியன் எக்ஸ்பிரஸ் செய்தியாளர்களான ராகுல் பேடியும் ஜோசப் மாலியாக்கனும் உள்ளே போக முயன்றபோது கும்பல் வழிமறித்தது. அவர்கள் கல்யாண்புரி காவல் நிலையத்துக்குப் போனார்கள். அங்கே ஒன்றும் நடக்கவில்லை, அமைதியாக இருக்கிறது என்ற பாணியில் பதில் வந்தது. வெளியே நின்ற லாரியில் அடையாளம் தெரியாமல் கருகிய உடல்கள் கிடந்தன. அவற்றின் மேல் பாதி எரிந்த நிலையில் ஓர் இளைஞர் இன்னும் உயிரோடு கிடந்தார். காவலர்கள் அந்த லாரியைப் பல மணி நேரமாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். இதைத் தமிழில் எழுதும்போதும் எனக்குப் பொருத்தமான வினைச்சொல் கிடைக்கவில்லை. 'கண்டுகொள்ளாமல் இருந்தார்கள்' என்று எழுதினால் போதாது. சில குடியிருப்புகளில் தற்காப்புக்காக ஒன்றுகூடி நின்ற சீக்கியர்களின் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல்துறை வாங்கிக்கொண்டு அவர்களை வீட்டுக்குள் போகச் சொன்னது. கும்பல் வந்தது அதற்குப் பிறகு.

அறிக்கை இன்னொன்றையும் விடாமல் எழுதியிருக்கிறது. இந்து, முஸ்லிம் அண்டை வீட்டார் பலர் உயிரைப் பணயம் வைத்துச் சீக்கியர்களை ஒளித்து வைத்தார்கள். மக்களே திரண்டு காவலிருந்த இடங்களில் கும்பல் உள்ளே நுழையவில்லை. இது ஆறுதலுக்காகச் சேர்த்த பத்தி அல்ல. மக்களின் கோபம்தான் காரணம் என்ற அரசின் வாதத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு வேறு இல்லை. எங்கள் சர்தார்ஜியும் அப்படிப் பிழைத்தவர்தான். மாடி வீட்டு இந்துக் குடும்பம் அவரை இரண்டு இரவுகள் பரணில், கோதுமை மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தது. தலைமுடியை அந்த வீட்டுப் பெண்மணிதான் தையல் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டாராம். "அவளும் அழுதாள், நானும் அழுதேன், கத்தரி மழுங்கல், நேரம் வேறு ஆகிவிட்டது" என்று மட்டும் சொன்னார்.

உரிமை அமைப்புகள் எழுதியதை அரசியல் என்று ஒதுக்கிவிடலாம், ஒதுக்கவும் செய்தார்கள். ஆனால் இரண்டே மாதத்தில், 1985 ஜனவரியில், இன்னொரு குடிமக்கள் அறிக்கை வந்தது. இதை எழுதியவர்களை யாரும் அப்படி ஒதுக்க முடியாது. குடிமக்கள் ஆணையம் என்று பெயரிட்டுக்கொண்ட அந்தக் குழுவுக்குத் தலைவர் எஸ்.எம். சிக்ரி, இந்தியாவின் முன்னாள் தலைமை நீதிபதி, அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு பற்றிய கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் கொண்ட அமர்வுக்குத் தலைமை ஏற்றவர். உடன் பத்ருத்தீன் தயாப்ஜி, ராஜேஷ்வர் தயாள், கோவிந்த் நாராயண், டி.சி.ஏ. ஸ்ரீனிவாசவரதன். ஐவரில் சீக்கியர் ஒருவரும் இல்லை. இருவர் வெளியுறவுப் பணியின் உயர் பதவிகளை வகித்தவர்கள். கடைசி இருவரும் முன்னாள் உள்துறைச் செயலாளர்கள். வரிசையில் நம்மூர்ப் பெயர் ஒன்றைக் கண்டதும் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி ஏற்பட்டது, அதை மறைப்பானேன்.

உள்துறைச் செயலாளராக இருந்த ஒருவர் இப்படியொரு விசாரணையில் உட்காருவதற்குத் தனி அர்த்தம் உண்டு. தலைநகரில் கலகம் மூண்டால் யார் யாருக்குத் தொலைபேசியில் பேச வேண்டும், ராணுவத்தைக் கேட்டு எழுதும் கடிதம் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போக வேண்டும், அதற்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கைரேகை போலத் தெரியும். பிரதமர் சுடப்பட்டது அக்டோபர் 31 காலை ஒன்பதரை மணிக்குச் சற்று முன்பு. அன்று மாலையே மருத்துவமனைக்கு அருகில் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங்கின் வாகன வரிசைமேல் கல் விழுந்தது; அவரும் சீக்கியர். ஒரு நாட்டின் குடியரசுத் தலைவர் வண்டி மேலேயே கல் விழுந்த பிறகு, அடுத்து என்ன வரும் என்று உள்துறைக்குத் தெரியவில்லை என்றால் நம்புவதற்கு அந்த ஐந்து பேரும் ஆயத்தமாக இல்லை. ராணுவம் பெயரளவுக்கு அழைக்கப்பட்டது நவம்பர் 1ஆம் தேதி. தெருக்களில் அதன் விளைவு தெரிந்தது இந்திராவின் உடல் எரியூட்டப்பட்ட 3ஆம் தேதி வாக்கில்தான். இடையில் இருந்த நேரத்தில்தான் பெரும்பாலான கொலைகள் நடந்தன. அரசுத் தரப்பு அந்த ஆணையத்துடன் ஒத்துழைக்கவில்லை. தங்கள் காலத்தில் தாங்கள் நடத்திய அலுவலகத்தின் கதவு தங்களுக்கே திறக்கவில்லை என்பதை அந்தப் பெரியவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

குடிமக்கள் விசாரணையின் குறைகளை நான் மூடி மறைக்க விரும்பவில்லை. சாட்சிக்குச் சத்தியப் பிரமாணம் இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, பாதுகாப்பும் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரை வரவழைத்து அவர் பக்கத்தைக் கேட்க வழியில்லை. 'குற்றவாளிகள் யார்?' அறிக்கையின் பின்னிணைப்பில் பகுதி வாரியாக அரசியல்வாதிகள், காவல்துறையினர், உள்ளூர் ஆட்கள் என்று பெயர்ப் பட்டியல் இருக்கிறது. பலருக்கு முழுப் பெயர்கூட இல்லை. தொழிலும் தெருவும் மட்டும்தான். ரேஷன் கடைக்காரர், எண்ணெய் டிப்போக்காரர் என்கிற மாதிரி. இவற்றை விசாரணையின்றி அச்சிடலாமா என்று முதல் வாசிப்பில் எனக்கும் உறுத்தியது. சட்டம் படித்த நண்பர் ஒருவர், தாம் அந்தக் குழுவில் இருந்திருந்தால் பின்னிணைப்பை வெளியிடச் சம்மதித்திருக்க மாட்டேன் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பாதிக்கப்பட்ட மக்கள் சொன்ன பெயர்கள் இவை என்று மட்டுமே அறிக்கை சொல்கிறது, தீர்ப்பு எழுதவில்லை. இருந்தாலும் அச்சில் வந்த பெயர் அச்சில் வந்ததுதான்.

ஆனால் அதே நாட்களில் காவல் நிலையத்தில் என்ன எழுதப்பட்டது என்று தெரிந்துகொண்ட பிறகு என் உறுத்தல் குறைந்தது. முதல் தகவல் அறிக்கைகளில் ஒரு பகுதியின் கொலைகள் மொத்தமாக ஒன்றாகக் கட்டப்பட்டன. கொன்றவர் 'அடையாளம் தெரியாத கும்பல்'. தில்லி முழுவதற்கும் பதிவான வழக்குகள் 587. அரசு பின்னாளில் ஏற்ற இறப்புக் கணக்கோ 2,733. ஆளுங்கட்சிப் பிரமுகரின் பெயரைச் சொன்னால் புகாரை வாங்கவே மறுத்தார்கள் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். சர்தார்ஜியும் நிவாரண முகாமிலிருந்து ஒரு காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறார். எழுத்தர் தாளை எடுத்து, "என்னென்ன போயிற்று, சொல்" என்றாராம். டாக்சி ஒன்று, தையல் இயந்திரம் ஒன்று, பித்தளை அண்டா இரண்டு, இரும்புப் பெட்டி ஒன்று. பொறுமையாக எழுதிக்கொண்டார். "என் தம்பி" என்றதும் எழுத்தர் பேனாவை மூடி, இது பொருள் இழப்புக்கான தாள் என்றார். யார் செய்தது என்று சொல்ல முயன்றபோது, "கும்பலுக்கு ஏது பெயர்?" என்று கேட்டாராம். அந்தத் தாளின் கார்பன் நகலை சர்தார்ஜி வெகுநாள் வைத்திருந்தார். இரண்டு அண்டாக்களின் அளவுகூட அதில் இருந்தது.

ஒரே தெருவைப் பற்றி இப்படி இரண்டு ஆவணங்கள். ஒன்று அதிகாரம் உள்ளவர்கள் எழுதியது. அதில் எழுவாய் இல்லை. 'கொல்லப்பட்டனர்', 'தீ வைக்கப்பட்டது' என்று செயப்பாட்டு வினையிலேயே முடிந்துவிடும். மற்றொன்று அதிகாரம் எதுவுமே இல்லாதவர்கள் எழுதியது. அதில் வாக்கியத்துக்கு வாக்கியம் எழுவாய் இருந்தது. நாமும் தமிழில் 'கலவரம் மூண்டது', 'வன்முறை வெடித்தது' என்று எழுதிப் பழகியிருக்கிறோம். நானே இந்தக் கட்டுரையில் மேலே 'கலகம் மூண்டால்' என்று எழுதியிருப்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். அப்படியே விட்டுவைக்கிறேன்.

அதிகாரபூர்வ விசாரணைகளின் கதையை நீட்டி எழுத எனக்கு மனமில்லை. காவல்துறையின் பங்கை ஆராயத் தொடங்கிய வேத் மார்வா என்ற மூத்த அதிகாரியின் விசாரணை பாதியில் நிறுத்தப்பட்டது. விசாரணை ஆணையம் அமைக்க உத்தரவிட வேண்டும் என்று உரிமை அமைப்பு தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியபோது நீதிமன்றம் மறுத்துவிட்டது. 1985 ஏப்ரலில், ஆறு மாதம் கழித்து, நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் வந்தது. அது மூடிய அறைக்குள் விசாரித்தது, பத்திரிகைகளுக்கு அனுமதியில்லை. பாதிக்கப்பட்டோருக்காக வாதாட சிக்ரி, முன்னாள் நீதிபதி தார்க்குண்டே முதலியோர் சேர்ந்து அமைத்த குடிமக்கள் நீதிக் குழு, விசாரணை நடக்கும் முறையைக் கண்டு 1986இல் வெளியேறிவிட்டது. தனிநபர்கள் சிலர் ஈடுபட்டிருக்கலாம், கட்சி ஏற்பாடு செய்யவில்லை என்பது ஆணையத்தின் முடிவு. பின்னாளில் மிஸ்ரா தலைமை நீதிபதியாகி, மனித உரிமை ஆணையத்தின் முதல் தலைவராகி, காங்கிரஸ் சார்பில் மாநிலங்களவைக்கும் போனார். அதற்கப்பால் குழுக்கள், துணைக் குழுக்கள். 2000இல் நானாவதி ஆணையம். 2005 ஆகஸ்டில் அதன் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது மன்மோகன் சிங், வெட்கித் தலைகுனிவதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அந்தத் தலைப்பாகை அணிந்த மனிதர் தாம் செய்யாத ஒன்றுக்காகத் தலைகுனிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த டாக்சி நிலையத்தில் யாரும் எதுவும் பேசவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

2018 டிசம்பர் 17ஆம் தேதி, தில்லி உயர் நீதிமன்றம், 2009இல் காங்கிரஸ் விலக்கிய அந்த இரண்டு வேட்பாளர்களில் ஒருவரும், கீழ் நீதிமன்றம் விடுவித்திருந்தவருமான சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பாலம் அருகே ராஜ்நகரில் ஐந்து பேர் கொல்லப்பட்ட வழக்கு. தீர்ப்பை எழுதிய அமர்வின் மூத்த நீதிபதி எஸ். முரளிதர், சென்னையில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கியவர், அதுவும் 1984 செப்டம்பரில். மானுடத்துக்கு எதிரான குற்றங்கள் என்றொரு வகை நம் குற்றவியல் சட்டத்தில் இல்லை என்பதையும் அந்த ஓட்டையை அடைத்தாக வேண்டும் என்பதையும் அந்தத் தீர்ப்பு சொன்னது. குற்றவாளிகளுக்கு அரசியல் அரவணைப்பு இருந்ததையும் சொன்னது. 2025 பிப்ரவரியில், தந்தையும் மகனுமாக இருவர் கொல்லப்பட்ட மற்றொரு வழக்கில் சஜ்ஜன் குமாருக்கு இரண்டாவது ஆயுள் தண்டனை கிடைத்தது. 1984 நவம்பரில் பத்து நாள் விசாரித்துக் குடிமக்கள் அச்சிட்ட பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. ஒரு நீதிமன்றம் தண்டனை விதிக்க 34 ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளில் பட்டியலில் இருந்த வேறு பலர் பேரன் பேத்தி எடுத்து, இயற்கையாக இறந்துபோயிருந்தார்கள். சொன்னவர்களிலும் பலர் போய்விட்டார்கள்.

2009க்குத் திரும்புகிறேன். அந்த மே மாதத்தில் ஒருநாள், அறிக்கையின் நகலைப் பையில் வைத்திருந்தேன். சர்தார்ஜிக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. இப்படி ஒன்று அச்சாகியிருப்பதை அவர் கேள்விப்பட்டிருந்தாலும் கண்ணால் பார்த்ததில்லை. கட்டிலில் இடம்விட்டு என்னை உட்கார வைத்து, பின்னிணைப்பைத் திருப்பச் சொன்னார். திரிலோக்புரி வேண்டாம், எங்கள் பக்கம் படி என்று தம் குடியிருப்பின் பெயரைச் சொன்னார். தேடி எடுத்தேன். வாடிக்கையாளர் ஒருவர் வண்டி கேட்டு வந்து நின்றபோது, கையைக் காட்டிக் காத்திருக்கச் சொன்னார்.

முதல் பெயரைப் படித்தேன், தலையாட்டினார். இரண்டாவது பெயர் அவருக்குத் தெரியவில்லை. மூன்றாவதைப் படித்ததும் போதும் என்பதுபோல விரலைத் தூக்கினார். அது ஒரு கடைக்காரரின் பெயர்.

"அவன் மூன்று வருஷத்துக்கு முன்பு செத்துப்போனான்" என்றார். "பக்கத்துத் தெருதான். சுடுகாடு வரைக்கும் போயிருந்தேன்."

எனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. அவர் மடியிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"அடுத்ததைப் படி" என்றார்.